இரண்டாவது வாயில் இல்லாத சர்வர்கள்

நிலத்தடிச் சுரங்கத்தில் ஒருவரை வேலைக்கு இறக்க வேண்டுமானால், அவர் மேலேறி வருவதற்குக் குறைந்தது இரண்டு வாயில்கள் இருந்தாக வேண்டும். உலோகச் சுரங்கங்களுக்கான 1961ஆம் ஆண்டின் இந்திய ஒழுங்குமுறைகளில் இஃது ஓர் அடிப்படை விதி. ஒன்றில் நேரும் சேதம் மற்றதையும் அடைத்துவிடாத இடைவெளியில் அவை அமைய வேண்டும் என்பதே விதியின் உட்கருத்து. அன்றாடம் ஆட்கள் ஏறி இறங்குவது பெரும்பாலும் ஒரு வாயில் வழியாகத்தான். மற்றது சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிறதே என்று அதை எவரும் மூடிவிடுவதில்லை. 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை இறங்கிய கோலார் தங்கவயலில், தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்துக்குள் போய் வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் பொருளை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நம் கல்வி நிறுவனங்களின் சர்வர் அறைகளில் இந்த விதி இன்னும் நுழையவில்லை. ஆய்வு மாணவர்களின் கணக்கீடுகள் ஓடும் மெய்நிகர் இயந்திரங்கள் பலவற்றுக்கு நடைமுறையில் ஒரே வாயில்தான் உண்டு: வலையமைப்பு வழியாக எஸ்எஸ்எச் கொண்டு நுழைவது. கன்சோல் என்னும் இரண்டாவது வாயில் மென்பொருளிலேயே இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தவர் அரிது. வலையமைப்பு அறுந்த நாளில்தான் அதன் நினைவு வருகிறது. அப்போது கன்சோலைத் திறந்தால் கருந்திரை மட்டுமே தெரிகிறது. வலையமைப்பு அறுவது தவிர்க்க முடியாத விபத்தாக இருக்கலாம். கன்சோல் இருண்டு கிடப்பது கவனக்குறைவு. இந்தக் கவனக்குறைவின் விலையைச் சர்வர் அறைக்கு அருகில் இருப்பவரைவிடத் தொலைவில் இருப்பவரே மிகுதியாகக் கொடுக்கிறார்.

முதலில் இரு வாயில்களின் இயல்பைப் பிரித்தறிய வேண்டும். ஒரு பெரிய சர்வரை மென்பொருளால் பகுத்துப் பல இயந்திரங்களாக நடத்துவதே மெய்நிகராக்கம். லினக்ஸ் உலகில் இதற்குப் பரவலாகப் பயன்படும் கேவிஎம், 2007ஆம் ஆண்டு வெளிவந்த 2.6.20 பதிப்பு முதல் லினக்ஸ் கெர்னலின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. இத்தகைய இயந்திரத்தை அடைய வலையமைப்பு ஒரு வழி. அதற்கு இயந்திரத்தின் உள்ளே வலை இடைமுகம் உயிர்பெற வேண்டும். முகவரி கிடைக்க வேண்டும். தாய்ச் சர்வரில் உள்ள பாலத்தோடு இணைப்பு இருக்க வேண்டும். அங்கிருந்து சுவிட்ச், ரூட்டர் எனத் தொடர் முழுவதும் சரியாக இருக்க வேண்டும். கன்சோலுக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. உள்ளே இருக்கும் இயந்திரத்தின் திரையையோ தொடர்வாயிலையோ தாய்ச் சர்வரே நேரடியாக எடுத்துக் காட்டுகிறது. உள்ளே வலையமைப்பு அடியோடு சிதைந்திருந்தாலும், இயக்க முறைமை பாதியில் நின்றிருந்தாலும், கன்சோலில் ஏதேனும் ஒரு வரி தெரியும். அந்த ஒரு வரியே நோயறிதலின் தொடக்கம்.

வரலாற்றில் கன்சோலே மூத்தது. ஐபிஎம் நிறுவனம் 1972ஆம் ஆண்டு விஎம்/370 இயக்க முறைமையை அறிவித்தபோது, பயனர் தட்டச்சு செய்த முனையம்தான் அவருடைய மெய்நிகர் இயந்திரத்தின் கன்சோல். இயந்திரத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அதன் நிலையை விசாரிப்பதும் அங்கிருந்தே நடந்தன. ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துக்கும் ஒரு வலை முகவரி என்பது பின்னர் வந்த வழக்கம். வசதி மிகுந்ததால் அது முதன்மை வழியாயிற்று. காலப்போக்கில் ஒரே வழி என்றும் கருதப்பட்டது. இன்று கணினியியல் படிக்கும் மாணவர் சர்வருக்குள் நுழைவது என்றாலே எஸ்எஸ்எச் என்று எண்ணுவது இதன் விளைவு.

இந்த எண்ணமே பழுதறிதலைக் குழப்புகிறது. எஸ்எஸ்எச் பதில் தராவிட்டால் “சர்வர் போய்விட்டது” என்ற ஒரே தொடரில் எல்லாம் அடங்கிவிடுகிறது. உண்மையில் அந்தத் தொடருக்குள் மூன்று வேறு நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. இயந்திரமே நின்றுபோயிருக்கலாம். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்து, வலையமைப்பு மட்டும் அறுந்திருக்கலாம். வலையமைப்பும் சரியாக இருந்து, எஸ்எஸ்எச் சேவை மட்டும் நின்றிருக்கலாம். வட்டு நிரம்பிவிட்டாலோ நினைவகம் தீர்ந்துபோனாலோ இப்படி நேர்வதுண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ மூன்றும் ஒரே மௌனமாகத் தெரிகின்றன.

மௌனத்தை எப்படி வாசிப்பது என்பதற்குத் தங்கவயலின் அறிவியல் வரலாற்றிலேயே ஓர் உயர்ந்த எடுத்துக்காட்டு உண்டு. 1960களின் தொடக்கத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் இந்தச் சுரங்கங்களில் வெவ்வேறு ஆழங்களில் காஸ்மிக் கதிர்களின் மியூவான்களை அளந்தார்கள். மிக ஆழமான இடத்தில் சுமார் இரண்டு மாதங்கள் கருவி இயங்கியும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. கருவி பழுதாகியிருந்தால் அந்த மௌனத்துக்கு ஒரு பொருளும் இல்லை. கருவி உயிரோடிருந்தது என்ற உறுதி இருந்தால் மட்டுமே, நியூட்ரினோவைத் தேடுவதற்கு ஏற்ற அமைதியான இடம் இது என்ற முடிவுக்கு வர முடியும். அந்த முடிவிலிருந்து பிறந்ததே டாட்டா நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் இணைந்து நடத்திய சோதனை. 1965ஆம் ஆண்டு, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோவின் தடம் அங்கே பதிவாயிற்று. ஒன்றும் வரவில்லை என்பதற்கும், வருவதைப் பார்க்கும் கண் மூடிவிட்டது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உறுதிசெய்யாமல் அந்தச் சோதனை ஓர் அடிகூட நகர்ந்திருக்க முடியாது. மெய்நிகர் இயந்திரத்தின் மௌனத்தின் முன் நிற்கும் மாணவருக்கும் அதே வேறுபாடுதான் முதல் கேள்வி. அதற்கு விடை சொல்லக்கூடியது கன்சோல்.

ஆனால் கன்சோலும் மௌனமாகலாம். அதன் காரணங்கள் பெரும்பாலும் எளியவை. அறியாதவருக்கு மட்டுமே மருட்சி தருபவை. விர்ஷ் கருவியில் கன்சோலைத் திறந்ததும் இணைந்துவிட்டதாக ஒரு வரி வந்து, அதன்பின் திரை அசையாமல் நிற்கும். பல வேளைகளில் அங்கே ஒருமுறை எண்டர் விசையை அழுத்தினாலே போதும்; உள்நுழைவுக் கேள்வி ஏற்கெனவே அச்சாகி முடிந்திருக்கும், அதைக் கேட்க அப்போது யாரும் இணைந்திருக்கவில்லை. அதன் பிறகும் அசைவில்லை எனில், உள்ளே இருக்கும் இயக்க முறைமைக்குத் தொடர்வாயில் என ஒன்று இருப்பதே சொல்லப்படவில்லை என்று கொள்ளலாம். கெர்னல் தொடங்கும்போது அதற்குத் தரப்படும் அளவுருக்களில், செய்திகளைத் தொடர்வாயிலுக்கும் அனுப்பு என்ற கட்டளையைச் சேர்க்க வேண்டும். சிஸ்டம்டி உள்ள முறைமைகளில் இந்த ஒரு மாற்றத்தைக் கண்டதும் அந்த வாயிலில் உள்நுழைவுச் சேவையும் தானாகத் தொடங்கிவிடும். இதைச் செய்ய இயந்திரத்தின் உள்ளே செல்ல வேண்டும், உள்ளே செல்ல வலையமைப்பு வேண்டும், வலையமைப்போ அறுந்துகிடக்கிறது. ஆகவே அறுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது.

இதைவிடக் கொடிய சிக்கல் ஒன்று உண்டு. மேகக் கணினிக்கெனத் தயாரிக்கப்பட்ட உபுண்டு, டெபியன் பிம்பங்களில் பயனர் கணக்குக்குக் கடவுச்சொல் இருப்பதில்லை; எஸ்எஸ்எச் சாவி மட்டுமே அனுமதி தரும். வலையமைப்பு வழிக்கு இது நல்ல காவல். கன்சோலிலோ சாவியைக் காட்ட இடமில்லை. கதவு திறந்திருக்கிறது, உள்ளே விளக்கும் எரிகிறது, காவலர் கேட்கும் அடையாளச் சொல் மட்டும் உலகில் எவரிடமும் இல்லை. அவசரத்துக்கென ஓர் உள்ளூர்க் கணக்கை ஏற்படுத்தி, அதன் கடவுச்சொல்லைத் துறையின் பாதுகாப்பான பெட்டகத்தில் வைப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாததால் வீணாகும் நாட்களுக்குக் கணக்கில்லை.

திரைக் கன்சோலில் வேறொரு தடை உண்டு. விஎன்சி வழியாகத் தெரியும் அந்தத் திரை, பல அமைப்புகளில் தாய்ச் சர்வரின் உள் முகவரியான 127.0.0.1இல் மட்டுமே காத்திருக்கும். வெளியிலிருந்து இணைய முயல்பவருக்கு மறுப்பே கிடைக்கும். பொறுமையிழந்த சிலர் அதை எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிடுகிறார்கள். வளாகம் முழுவதற்கும் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பானது அது. தாய்ச் சர்வருக்கு எஸ்எஸ்எச் சுரங்கப்பாதை அமைத்து அதனூடாகத் திரையைக் காண்பதே முறை.

கன்சோல் வழியாக உள்ளே நுழைந்தபின் வலையமைப்பைத் தேடும் வேலை தொடங்குகிறது. இங்கே பேத்தமங்களா ஒரு நல்ல ஆசிரியர். பாலாற்றின் மீதமைந்த அவ்வூர் ஏரியிலிருந்துதான், சென்ற நூற்றாண்டின் தொடக்கம் முதல் தங்கவயலுக்குக் குடிநீர் இறைத்து அனுப்பப்பட்டது. சுரங்கக் குடியிருப்பின் தெருக்குழாயில் நீர் வராத நாளில் குழாயை மட்டும் கழற்றிப் பார்ப்பவரால் காரணத்தைக் காண முடியாது. ஏரியில் நீர் இருக்கிறதா, எந்திரம் இறைக்கிறதா, பெருங்குழாய் உடைந்திருக்கிறதா, இடையில் எவரேனும் அடைப்பானைத் திருகிவிட்டார்களா என்று வழியோடு நடந்து பார்க்க வேண்டும். எந்த இடம் வரை நீர் இருக்கிறதோ, அதற்கு அடுத்த இடத்தில் பழுது இருக்கிறது. தரவுப் பொதிகளுக்கும் இதே நியாயம்தான்.

உள்ளேயிருந்து தொடங்குவோம். இடைமுகம் இருக்கிறதா? இயந்திரத்தை வேறு அமைப்புக்கு மாற்றியபோதோ நகலெடுத்தபோதோ இடைமுகத்தின் பெயர் மாறியிருக்கலாம். அமைவுக் கோப்பு இன்னும் பழைய பெயரையே விளித்துக்கொண்டிருக்கலாம். முகவரி கிடைத்திருக்கிறதா? 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், டிஎச்சிபி சேவையை அடைய முடியாமல் இயந்திரம் தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். நுழைவாயில் முகவரிக்குப் பிங் செல்கிறதா? அது சென்று, பெயர்கள் மட்டும் முகவரியாக மாறவில்லை எனில், பழுது டிஎன்எஸ் அமைவில். வலையமைப்பைக் குற்றம் சொல்வதற்கில்லை. இவ்வளவும் உள்ளே சரி என்றால் தாய்ச் சர்வருக்கு வர வேண்டும். மெய்நிகர் இயந்திரத்தின் கம்பிக்கு ஈடான மென்பொருள் இடைமுகம் உரிய பாலத்தில் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் டிசிபிடம்ப் கருவியை அந்த இடைமுகத்திலும், பாலத்திலும், சர்வரின் உண்மையான வலை அட்டையிலும் அடுத்தடுத்து வைத்துக் கவனித்தால், பொதி எங்கே மறைகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

இந்த நடையில் அடிக்கடி எதிர்ப்படும் தடைகள் சில உண்டு. லிப்விர்ட் இயல்பாகத் தரும் 192.168.122 வரிசை முகவரிகளை வெளியிலிருந்து அடைய முடியாது. அது பழுதன்று, வடிவமைப்பே அப்படி. உள்ளிருந்து வெளியே செல்லும் போக்குவரத்துக்கு மட்டும் உரியது அந்த வழி. வைஃபை இடைமுகத்தைப் பாலத்தில் இணைத்தால் பெரும்பாலும் வேலை செய்யாது, ஏனெனில் தன்னிடம் பதிவுசெய்யாத மேக் முகவரியிலிருந்து வரும் சட்டகங்களை அணுகுமுனை ஏற்பதில்லை. வளாகச் சுவிட்சில் ஒரு துளைக்கு ஒரே மேக் முகவரி என்ற காவல் விதி இருந்தால், தாய்ச் சர்வர் பேசும். அதன் உள்ளிருக்கும் இயந்திரங்கள் ஊமையாகும். தாய்ச் சர்வரில் யாரோ டாக்கரை நிறுவியிருந்தால், அது முன்னனுப்பும் போக்குவரத்தை இயல்பாக மறுக்கும் விதியைப் பதித்துவிடும். பாலத்தின் பொதிகளும் ஃபயர்வால் விதிகளின் வழியே செல்லும் அமைப்பில், நேற்றுவரை பேசிய இயந்திரம் இன்று பேசாது. ஒரே மூல இயந்திரத்திலிருந்து நகலெடுத்த இரண்டு இயந்திரங்கள், மேக் முகவரி வேறாக இருந்தும், உள்ளிருக்கும் இயந்திர அடையாள எண் ஒன்றாக இருப்பதால் டிஎச்சிபியிடம் ஒரே முகவரியைப் பெற்று மாறிமாறி மறையும். பிங் செல்கிறது, எஸ்எஸ்எச் தொடங்குகிறது, கோப்பு அனுப்பினால் உறைந்துவிடுகிறது எனில், பொதியின் உச்ச அளவு வழியில் எங்கோ குறைந்திருக்கிறது. சிறியவை தப்பிச் செல்ல, பெரியவை இடறி விழுகின்றன.

இவற்றில் எதுவும் அரிய ஞானமல்ல. ஒவ்வொன்றையும் ஓர் அரை மணி நேரத்தில் கற்பிக்கலாம். பாடத்திட்டம் அதற்கு இடம் தருவதில்லை என்பதே குறை. ஆய்வகத் தேர்வுகளில் நிறுவிக் காட்டுவதற்கு மதிப்பெண் உண்டு. பழுதைக் கண்டறிவதற்கு மதிப்பெண் இல்லை. ஆகவே பழுது வந்தால் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதே மாணவர் அறிந்த ஒரே மருத்துவமாகிறது. காரணம் அறியாமல் மறுபடி நிறுவியவர் காரணத்தையும் சேர்த்தே மறுபடி நிறுவுகிறார்.

ஒரே வாயிலை நம்பி நிற்பது சிறிய கல்லூரிகளின் குறை மட்டுமன்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ 6 மணி நேரம் உலகெங்கும் மறைந்தன. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பை முழுவதும் துண்டித்தது. அதன் தொடர்ச்சியாக டிஎன்எஸ் சர்வர்களும் இணையத்திலிருந்து விலகிக்கொண்டன. பழுதை ஆராயும் உள்கருவிகளும் அதே டிஎன்எஸ்ஸை நம்பியிருந்தன. அவசரத்துக்கென இருந்த தனி வலையமைப்பும் கைகொடுக்கவில்லை. பொறியாளர்களைத் தரவு மையங்களுக்கு நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று; அந்த மையங்களின் கடுமையான காவலைக் கடக்கவும் நேரம் பிடித்தது. இரண்டாவது வாயில் பெயரளவில் இருந்தால் போதாது, முதல் வாயிலோடு சேர்ந்து விழாததாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

2024 ஜூலை 19 இன்னொரு பாடத்தைத் தந்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி, 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய ஏறுசீட்டுகள் தரப்பட்டது அன்றுதான். மருந்து எளியது: பாதுகாப்பு நிலையில் தொடங்கி ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் இயந்திரம் தொடங்கும்போதே விழுந்துகொண்டிருந்ததால், தொலைவிலிருந்து வலை வழியாக மருந்தைச் செலுத்துவது பெரும்பாலும் இயலாமற்போனது. கன்சோலின் முன் ஒருவர் அமர வேண்டியிருந்தது. மேகத்தில் ஓடிய மெய்நிகர் இயந்திரங்களுக்கோ, வட்டைக் கழற்றி நலமான வேறோர் இயந்திரத்தில் பொருத்தி, கோப்பை அழித்து, மீண்டும் பழைய இடத்தில் பொருத்த வேண்டியிருந்தது. இந்த உத்தியை அறிந்திருந்த நிர்வாகிகள் விரைவில் மீண்டார்கள். பல்கலைக்கழகச் சர்வரிலும் இதே உத்தி செல்லும். கன்சோல் முற்றிலும் இருண்டுபோன இயந்திரத்தின் வட்டை வேறிடத்தில் பொருத்தி அமைவுக் கோப்பைத் திருத்தலாம். முதுகலை மாணவர்களில் எத்தனை பேருக்கு இது கற்பிக்கப்படுகிறது?

கன்சோலை மாணவர்களிடம் தரக்கூடாது என்று சொல்வோரின் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. கன்சோல் என்பது இயந்திரத்தின் முன் நேரில் அமர்வதற்குச் சமம். அங்கிருந்து தொடக்க அமைவை மாற்றி, நிர்வாகியின் கடவுச்சொல்லைக்கூட மாற்றி எழுதலாம். ஆனால் ஒரு மாணவருக்குத் தர வேண்டியது அவருடைய மெய்நிகர் இயந்திரத்தின் கன்சோல் மட்டுமே. தாய்ச் சர்வரின் கன்சோல் அன்று. பிராக்ஸ்மாக்ஸ், ஓப்பன்ஸ்டாக் போன்ற கட்டற்ற மென்பொருள்களில் இன்னாருக்கு இன்ன இயந்திரத்தின் கன்சோல் என்று வரையறுத்து வழங்க முடியும். தன் இயந்திரத்துக்குள் ஏற்கெனவே நிர்வாகி உரிமை பெற்றிருக்கும் மாணவருக்கு அதன் கன்சோலை மறுப்பதால் கூடுதல் காவல் எதுவும் விளையப்போவதில்லை.

இன்னொரு வாதம் தொழில்துறையிலிருந்து வருவது. மெய்நிகர் இயந்திரங்களைப் பேணிக் காக்கத் தேவையில்லை. பழுதானதை அழித்துவிட்டுப் புதியதை எழுப்புக என்கிறது அது. ஒரே மாதிரியான ஆயிரம் வலைச் சேவைகளை நடத்தும் நிறுவனத்துக்கு இது பொருந்தும். மூன்று வாரங்களாக நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் உருவகக் கணக்கீட்டுக்குப் பொருந்தாது. வலையமைப்பு மட்டுமே அறுந்த இயந்திரத்தின் உள்ளே அந்தக் கணக்கீடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். கன்சோல் இருந்தால் இடைமுகத்தைச் சரிசெய்து, கணக்கீட்டைத் தொடாமல் மீட்டுவிடலாம். இல்லாத இடத்தில் நிர்வாகியின் கை மறுதொடக்கப் பொத்தானை நோக்கிச் செல்கிறது. மூன்று வாரம் ஒரு நொடியில் போய்விடுகிறது. பழுதின் தடயமும் அதோடு அழிகிறது.

இங்கேதான் தொலைவு என்பது நீதியின் கேள்வியாகிறது. தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பின், அவ்வட்டாரத்தின் பிழைப்பும் படிப்பும் பெருமளவு பெங்களூருவை நோக்கித் திரும்பின. மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் விடியற்காலை இரயில்களில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் போய் வருகிறார்கள். பேத்தமங்களாவில் வீடும் பெங்களூருவில் ஆய்வும் கொண்ட ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். மெய்நிகர் இயந்திரம் அவருக்குப் பெரும் விடுதலை. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணத்தைத் தவிர்த்து வீட்டிலிருந்தே கணக்கீட்டை நடத்தலாம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை அந்த இயந்திரம் வலையிலிருந்து அறுந்தால் என்ன ஆகும்? வளாக விடுதியில் இருப்பவர் எழுந்து சென்று நிர்வாகியின் கதவைத் தட்டுவார். தொலைவில் இருப்பவர் திங்கட்கிழமை வரை காத்திருப்பார், அல்லது ஓர் எண்டர் விசையை அழுத்துவதற்காக இரயிலேறுவார். சர்வர் எல்லோருக்கும் பொது என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. பழுதான நாளில் அது அருகில் இருப்பவருக்கு மட்டுமே பொது. வேலை நேர்வு முதல் நூலக நேரம் வரை சமவாய்ப்பு பேசும் கல்வி நிறுவனங்கள், கணக்கீட்டு வசதியிலும் அதைப் பேச வேண்டும். கன்சோல் உரிமை அதன் ஒரு பகுதி.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு கோருபவை அல்ல. ஒரு மெய்நிகர் இயந்திரத்தை மாணவரிடம் ஒப்படைக்கும் நாளிலேயே, அதன் வலை இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, கன்சோல் வழியாக அவர் உள்நுழைந்து காட்ட வேண்டும். அதன் பின்னரே ஒப்படைப்பு முழுமையடைய வேண்டும். தொடர்வாயிலில் வரும் செய்திகளைத் தாய்ச் சர்வரில் ஒரு கோப்பில் எழுதிவைக்கும் வசதி லிப்விர்ட்டில் உண்டு. அதை இயக்கிவைத்தால், இயந்திரம் விழுவதற்கு முன் சொன்ன கடைசிச் சொற்கள் மிஞ்சும். வலை அமைவை மாற்றும்போது, உறுதிசெய்யாவிட்டால் 120 நொடிகளில் பழைய அமைவுக்கே திரும்பும் நெட்பிளான் சோதனைக் கட்டளையைப் பயன்படுத்தும் பழக்கத்தை ஊட்ட வேண்டும். தாய்ச் சர்வருக்கும் அதன் சொந்த இரண்டாவது வாயில் வேண்டும். பெரும்பாலான சர்வர்களில் ஐபிஎம்ஐ போன்ற தனி மேலாண்மை வாயில் வாங்கும்போதே இருக்கிறது. பல இடங்களில் அதில் கம்பியே செருகப்பட்டிருப்பதில்லை. செருகினாலும் மற்றவை செல்லும் அதே சுவிட்சில் செருகினால் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாடத்திட்டத்தில் ஒரு பயிற்சி வேண்டும். ஆசிரியர் ஓர் இயந்திரத்தின் வலையமைப்பை மறைவாகக் குலைத்து வைக்கட்டும். மாணவர் கன்சோல் வழியாகச் சென்று, எங்கே பார்த்தார், என்ன கண்டார், எதை விலக்கினார், ஏன் அடுத்த இடத்துக்குச் சென்றார் என்று வரிசையாக எழுதட்டும். இயந்திரம் மீண்டதா என்பதைவிட அந்தப் பதிவுக்கே கூடுதல் மதிப்பெண் தர வேண்டும். பழுதைத் தேடிய வழியை நேர்மையாக எழுதத் தெரிந்தவர் தம் ஆய்வையும் அப்படியே எழுதுவார்.

வரும் பருவத்தில் எந்தத் துறையும் இதைத் தொடங்கலாம். புதிய நிதி ஒதுக்கீடோ குழுக் கூட்டமோ இதற்குத் தேவையில்லை. இன்று ஓடிக்கொண்டிருக்கும் ஏதேனும் ஓர் இயந்திரத்தின் கன்சோலைத் திறந்து எண்டர் விசையை அழுத்திப் பார்த்தாலே, அத்துறையின் நிலைமை என்ன என்பது தெரிந்துவிடும்.